எண் தெரியட்டும்!

தோழர்களே!

எரிபொருள் இன்றி வண்டி ஓடாது. சக்கரம் இன்றி உருளாது. ஓட்டுபவர் இன்றி நகராது. ஆனால், அதன் நெற்றியிலும் முதுகிலும் அறைந்து வைத்திருக்கிறார்களே ஒரு தகடு, எண் பலகை, அதைக் கழற்றி எறிந்துவிட்டாலும் வண்டி ஓடத்தான் செய்யும்! வேகம் குறையாது. விளக்கு அணையாது. உள்ளே சாய்ந்து அமர்ந்திருப்பவருக்கு அந்தத் தகட்டால் ஒரு சுகமும் இல்லை. அவர் கண்ணுக்கு அது தெரிவதுகூட இல்லை!

பின், அது யாருக்காக?

தெருவிலே நடந்து போகிறவருக்காக! சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் மூதாட்டிக்காக! மண்வெட்டியைத் தோளிலே தாங்கி, இருட்டும் நேரத்திலே வீடு திரும்பும் உழைப்பாளிக்காக! காரின் மற்ற உறுப்புகள் எல்லாம் காருக்கு உடையவரின் சொத்து. அந்தத் தகடு ஒன்று மட்டும் கார் இல்லாதவரின் சொத்து. இந்த உண்மையை நம் தோழர்கள் மனத்திலே பதிய வைக்கவே இன்று எழுதுகிறேன்.

"எண் பலகையைப் பற்றி எழுதுவதற்கா ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை? அரசியலே இல்லாமற் போயிற்றா?" என்று கேட்பீர்கள். அரசியல்தான் இது, தோழர்களே! கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், பாருங்கள்.

முப்பத்தைந்து வயதுக் கட்டிடத் தொழிலாளி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் வருவாய் 15,000 ரூபாய். மனைவி, இரண்டு குழந்தைகள், தள்ளாத வயதிலே தாய் என, நான்கு வயிறுகள் அவரை நம்பி இருக்கின்றன. ஓரமாக நடந்து வந்தவர்மீது, கண்மண் தெரியாத வேகத்தில் வந்த கார் ஒன்று மோதுகிறது. உயிர் போகிறது. கார் நிற்கவில்லை, பறந்துவிட்டது.

அந்தக் காரின் எண்ணை அங்கே நின்ற எவரேனும் படித்துச் சொன்னால், குடும்பம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டலாம். 2009இல் சரளா வர்மா வழக்கிலும், 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்சநீதிமன்றம் வகுத்துத் தந்த முறைப்படி அங்கே கணக்கு நடக்கும். ஆண்டு வருவாய் 1,80,000. வருங்காலத்தில் வருவாய் உயர்ந்திருக்கும் அல்லவா, அதற்காக நூற்றுக்கு நாற்பது சேர்த்தால் 2,52,000. அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக் கூடிய நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. அவர் வயதுக்கு உரிய பெருக்கெண் 16. பெருக்கிப் பாருங்கள்: 30,24,000 ரூபாய்! ஈமச் செலவு போன்ற இனங்கள் இதற்கு மேல். கார் உடையவர் ஏழையாக இருந்தாலும் கவலையில்லை. மூன்றாம் தரப்பினருக்கான காப்புறுதி கட்டாயம் என்று சட்டம் சொல்லுவதால், காப்புறுதி நிறுவனம் அந்தத் தொகையைத் தரும். காரோட்டியின் குற்றத்தை மெய்ப்பிக்க இயலாமற் போனாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்கீழ் 5 லட்சம் கேட்க வழியுண்டு.

எண் தெரியாவிட்டால்?

'மோதிவிட்டு ஓடிய வண்டி' என்று ஏட்டிலே எழுதுவார்கள். 161ஆம் பிரிவின்கீழ் 2 லட்சம் கொடுப்பார்கள். அதுவும் 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான் 2 லட்சம். அதற்கு முன்பு வெறும் 25,000 ரூபாய்!

அதே மனிதர். அதே சாலை. அதே சாவு. எண் தெரிந்தால் முப்பது லட்சம். தெரியாவிட்டால் இரண்டு லட்சம். இடையே உள்ள இருபத்தெட்டு லட்சத்தை விழுங்கியது எது? ஒரு தகட்டின்மீது படிந்த சேறு! ஓர் எழுத்தின் வளைவு! எண்ணை மறைத்து ஒட்டிய ஒரு படம்! ஐந்து ஆறு விரற்கடை அளவுள்ள மறைப்பு, ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டுச் சோற்றை மறைத்துவிடுகிறது.

எங்கோ ஒன்று, எப்போதோ ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் போக்குவரத்துத் துறையே கணக்குத் தந்தது. அவர்களில் 30,486 பேர், மோதிவிட்டு ஓடிய வண்டிகளால் மாண்டவர்கள். முப்பதாயிரம் குடும்பங்கள்! ஓடியவர்கள் எல்லோரும் எண்ணை மறைத்தவர்கள் அல்லர். இருட்டும் வேகமும் அவர்களுக்குத் துணை நின்றிருக்கும். ஆனால், தெளிவான எண் ஒன்றே அந்த இருட்டோடு போராடக்கூடிய கருவி. அதையும் நாம் மழுங்கடிக்கலாமா?

இந்தக் கருவி எப்படி வந்தது என்பதையும் சற்றே பார்ப்போம்.

1893இல் பாரிஸ் நகரக் காவல்துறை, மோட்டார் வண்டிகளில் உடையவரின் பெயரும் முகவரியும் எண்ணும் பொறித்த தகடு இருக்கவேண்டும் என்று ஆணையிட்டது. பிரிட்டனில் 1903இல் சட்டம் வந்தது. 1904 சனவரி முதல் தேதி தொட்டு ஒவ்வொரு காரும் பதிவு பெற்று, எண்ணைக் காட்டவேண்டும் என்றார்கள். அன்று கார் வைத்திருந்தவர்கள் யார்? பிரபுக்களும் பெருஞ்செல்வர்களும்! "வாடகை வண்டிக்கு எண் இடுவதுபோல் எங்களுக்கும் எண்ணா?" என்று முகம் சுளித்தவர்கள் அவர்களிலே உண்டு. ஆனால், அதே சட்டம் அவர்களுக்கு மணிக்கு இருபது மைல் வேகத்தில் செல்ல இடம் கொடுத்தது. அதாவது, வேகம் வேண்டுமா, வைத்துக்கொள், விலையாக உன் அடையாளத்தைக் கொடு என்பதே அந்தச் சட்டத்தின் பேரம். வேகம் உனக்கு, எண் எனக்கு என்று நடந்து செல்லும் மக்கள் செய்துகொண்ட உடன்படிக்கை அது! இந்தியாவில் 1914இலும், பிறகு 1939இலும், இன்று நடப்பில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த உடன்படிக்கை தொடர்கிறது.

ஒருவருக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள் பிரிட்டனில். மன்னருக்கு! அரசமுறைப் பயணத்துக்கான அரண்மனைக் கார்களிலே இன்றும் எண் கிடையாது. முடியாட்சிக்கு அது பொருத்தம். எண் என்பது கேள்விக்கு ஆட்பட்டவன் அணியும் அடையாளம். மன்னரை யார் கேள்வி கேட்பது?

முடியாட்சி போய்க் குடியாட்சி வந்த நம் நாட்டிலே என்ன நடந்தது? குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், மாநிலந்தோறும் அமர்ந்திருக்கும் ஆளுநர்கள் ஆகியோரின் கார்களில், எண் இருக்க வேண்டிய இடத்திலே சிங்கமுகச் சின்னம் மட்டுமே இருந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சர் காருக்கு எண் உண்டு. அமர்த்தப்பட்ட ஆளுநர் காருக்கு எண் இல்லை! அரண்மனை போயிற்று, அதன் நிழல் போகவில்லை. வழக்கு நடந்தது. 2018 ஜூலையில் டில்லி உயர்நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிற்று: எவ்வளவு உயர்ந்த பதவியானாலும் சரி, வண்டி பதிவு பெறவேண்டும், எண் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று. அதற்கு முந்திய ஆண்டில், 2017 மே முதல் தேதியன்று, பெரும்பதவியாளர் கார்களின் தலைமீது சுழன்ற சிவப்பு விளக்கும் இறக்கப்பட்டது.

சமத்துவம் பேசுகிற நமக்கு இவை இனிக்கும் செய்திகள். கைதட்டுகிறோம். தட்டட்டும் கைகள்! ஆனால், தட்டிய கையோடு வெளியே வந்து நம்முடைய வண்டிகளை ஒருமுறை சுற்றிப் பார்ப்போமா?

அங்கேதான் வருகிறது வெட்கம்!

ஒரு வண்டியிலே பலகையின் பாதியைத் தலைவரின் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. எண் ஓர் ஓரத்திலே எறும்புபோல் ஊர்கிறது. இன்னொன்றிலே பலகை முழுதும் கட்சிக் கொடியின் வண்ணம். எது எழுத்து, எது கோடு என்று தெரியவில்லை. மற்றொன்றிலே 'மாவட்டப் பிரதிநிதி' என்பது முழம் அளவு, எண்ணோ கடுகளவு. வேறொன்றிலே எண்களை வளைத்து நெளித்து ஒரு பெயர்போலத் தோன்றச் செய்திருக்கிறார்கள். கண்ணாடியிலே ஒட்டியிருக்கும் பதவிப் பட்டயங்களுக்கோ கணக்கில்லை. நம்மவர் மட்டுந்தான் என்று சொல்ல வரவில்லை. எல்லாக் கட்சியிலும் உண்டு, கட்சி சாராத கனவான்களிடமும் உண்டு. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே 2ஆம் தேதி முதல் இத்தகைய ஒட்டுகள்மீது நடவடிக்கை எடுக்க முனைந்தபோது, 'காவல்', 'இராணுவம்', 'பத்திரிகை', 'வழக்கறிஞர்' என்று உரிமையின்றி எழுதி வைத்திருந்தவர்களும் அகப்பட்டார்கள். ஆயினும், மற்றவன் தவறு நம் தவறுக்குச் சான்றிதழ் ஆகுமா? சமத்துவத்தை மேடையிலே முழங்குகிறவன் மறைப்பதற்கும், முழங்காதவன் மறைப்பதற்கும் வேறுபாடு இல்லையா?

விதி என்ன சொல்லுகிறது? மிக எளிது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 50, 51 ஆகிய விதிகளிலே அளவு அடங்கியிருக்கிறது. காரின் எழுத்தும் எண்ணும் 65 மில்லிமீட்டர் உயரம், கோட்டின் தடிப்பு 10, இடைவெளி 10. மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்திலே எழுத்து 35, எண் 40. சொந்தக் காருக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு. மின்சார வண்டிக்குப் பச்சை. அலங்கார எழுத்துக்கு இடமில்லை. படத்துக்கு இடமில்லை. வேறு பெயருக்கு இடமில்லை. 2019 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வந்த புதிய வண்டிகளுக்கு உயர்பாதுகாப்புப் பலகை கட்டாயம். அலுமினியத் தகடு, அசோகச் சக்கரம் பொறித்த மின்னும் முத்திரை, லேசர் ஒளியால் செதுக்கிய தொடர் எண், ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத பூட்டு. திருடனும் கொலைகாரனும் பலகையை மாற்றிக்கொண்டு திரிவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. அந்தத் தகட்டின்மீது நாம் கொடியின் வண்ணத்தைப் பூசினால், நம்மையும் அறியாமல் யார் பக்கம் போய் நிற்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்!

தோழர்கள் சிலர் எழுப்பும் மறுப்புகளை நான் அறிவேன். ஒதுக்கிவிட்டுப் போக விரும்பவில்லை.

"சாலையில் மடக்குவது எங்கள் மோட்டார் சைக்கிளை. பெரிய காரை மடக்குகிறார்களா?" என்பது ஒன்று. உண்மை உண்டு இதில். 177ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு 500, மறுமுறைக்கு 1,500 என்று தண்டம் விதிக்கிறார்கள். கூலிக்குச் செல்பவருக்கு அது ஒரு நாள் உழைப்பு, சீமானுக்கு அது சில்லறை. ஆகவே, சட்டம் எல்லோர்மீதும் ஒருபடித்தாய்ப் பாயவேண்டும் என்று கேட்போம். உரக்கவே கேட்போம். ஆனால், கேட்கும் வாய்க்கு வலு எப்போது வரும்? நம் பலகை சுத்தமாக இருக்கும்போது!

"தமிழ்நாட்டு வண்டியில் தமிழ் இருக்கக் கூடாதா?" என்பது மற்றொன்று. கேட்கவேண்டிய கேள்விதான்! எழுத்து ஆங்கிலத்தில், எண் 1, 2, 3 என்ற உலக வழக்கில் என்கிறது டில்லி வகுத்த விதி. சவூதி அரேபியாவின் பலகைகளில் அரபு எழுத்தும் எண்ணும், அவற்றோடு ரோமன் எழுத்தும் உலக எண்ணும் சேர்ந்தே காட்சி தருகின்றன. வெளியூரானும் படிக்கிறான், உள்ளூரானும் படிக்கிறான். 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய மாநிலம், இரண்டும் சேர்ந்த பலகை வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? சட்டமன்றத்தில் கேட்போம், நாடாளுமன்றத்தில் கேட்போம். விதி மாறும்வரை, தனக்குத் தானே விதி எழுதிக்கொண்டு, படிக்க முடியாத பலகையோடு திரிவது மொழிப்பற்று ஆகாது. அடிபட்டுக் கிடப்பவரும் தமிழர்தானே? அவருக்கு உதவாத எழுத்து தமிழுக்கு என்ன பெருமை சேர்க்கும்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீங்கள் படத்தால் மூடுகிற அந்தப் பலகையின் முதல் இரண்டு எழுத்துகள் எவை? டி.என். தமிழ்நாடு! அந்தப் பெயர் எளிதிலே வந்ததா? அதைக் கேட்டு 1956இல் உண்ணாநோன்பிருந்து உயிரையே ஈந்தார் தியாகி சங்கரலிங்கனார். 1967 ஜூலை 18ஆம் நாள் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிற்று. 1969 சனவரி 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1989இல் மாநிலப் பெயரின் இரண்டெழுத்துகளை வண்டிகளுக்கு இடும் முறை வந்தபோது, அந்தப் பெயர் இந்தியச் சாலைகள் எங்கும் ஏறிச் சென்றது. காசுமீரத்தின் மலைப்பாதையில் போனாலும், வங்கத்துக் கடைத்தெருவில் நின்றாலும், "இது தமிழ்நாட்டு வண்டி" என்று சொல்லும் இரண்டு எழுத்து அவை. 2021இல் பி.எச். என்ற 'பாரத்' வரிசை வந்தது. அடிக்கடி மாநிலம் மாறும் அரசு ஊழியருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உடைய நிறுவனத்தாருக்கும் அது வசதி என்பதை மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பலகையில் மாநிலத்தின் பெயர் இல்லை. வரி வந்து சேர்வது மாநிலத்துக்கு, அந்த வரியின் விகிதத்தையும் காலத்தையும் வகுத்ததோ டில்லி. வண்டிகள்மீதான வரி மாநிலப் பட்டியலின் 57ஆம் இனம் அல்லவா, என்று நாம் கேட்கிறோம், கேட்போம். அப்படிக் கேட்கிற நாமே, டி.என். என்ற எழுத்தின்மீது படத்தை ஒட்டி மூடலாமா? எந்தத் தலைவர்தான் அதை விரும்புவார்?

கண்ணுக்குத் தெரியும் மறைப்பைச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத மறைப்பு ஒன்றும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய காரை, மோட்டார் சைக்கிளை விற்கிறோம். பணம் கைக்கு வந்தது, சாவி கைமாறிற்று, ஆனால் பதிவுச் சான்றிலே பெயர் மாறவில்லை. "வாங்கியவர் நம்ம ஆள், பார்த்துக்கொள்வார்" என்கிறோம். சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காவிட்டால்? 2018இல் நவீன்குமார் வழக்கிலே உச்சநீதிமன்றம் சொல்லிற்று: ஏட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உடைமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று. அந்த வழக்கில் வண்டி பல கைகள் மாறியிருந்தது. முதலில் விற்றவரைத்தான் பொறுப்பு தேடி வந்தது. எண் தெரிந்தும், ஏடு பொய்யாக இருந்தால் ஏழைக்கு அலைச்சல்தான். உங்களுக்கும் அழிவுதான்.

ஆகவே, தோழர்களே, பெரிய தீர்மானம் எதுவும் தேவையில்லை. மாநாடு தேவையில்லை. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியும் போதும். இன்று ஞாயிற்றுக்கிழமை. வண்டியின் முன்னும் பின்னும் பலகையைத் துடையுங்கள். படம் இருந்தால் பக்குவமாக எடுத்து வீட்டுச் சுவரிலே மாட்டுங்கள், அங்கேதான் அவருக்கு மதிப்பு. பதவியின் பெயர் இருந்தால் அழித்துவிடுங்கள். மக்கள் உங்களை வேலையால் அறியட்டும். எழுத்து வளைந்திருந்தால் விதிப்படி மாற்றுங்கள். விற்ற வண்டி இருந்தால், நாளைக் காலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். படிக்க முடிகிறதா? உங்களால் முடிந்தால் போதாது. பள்ளிக்குச் செல்லும் ஒரு சிறுமியை அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்காமல் படித்தாளானால், அந்த வண்டி மக்கள் இயக்கத்தின் வண்டி!

இதை வட்டச் செயலாளர் தொடங்கட்டும். மாவட்டச் செயலாளர் தொடரட்டும். சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர், தலைவர் என்று வரிசையாக எல்லோர் வண்டியிலும் எண் பளிச்சென்று தெரியட்டும். பெரியவர் வண்டி சுத்தமானால், தொண்டர் வண்டிக்கு அறிவுரை தேவைப்படாது. பொதுக்கூட்டத் திடலிலே நூறு வண்டி நின்றால், நூறின் எண்ணையும் வழியோடு போகிறவர் படிக்கக் கூடியதாக இருக்கட்டும்.

ஆளுநர் காருக்கே எண் வேண்டும் என்று தீர்ப்பு வந்த நாட்டிலே, நம் காருக்கு விலக்குக் கேட்பது நமக்கு அழகல்ல. கேள்விக்கு ஆட்பட்டவர்கள் நாம் என்று நெற்றியிலே எழுதிக்கொண்டு போவோம். வீதியிலே நடக்கும் எளியவர் அதைப் படிக்கட்டும். படித்து, "இவர்கள் ஓடி ஒளியமாட்டார்கள்" என்று நம்பட்டும்!